வளைவில் எழும் கிறீச்சொலி

ரயில்வேயில் வேலை பார்ப்பவனுக்குச் சக்கரங்களின் ஓசை புதிதன்று. மேசைமுன் அமர்ந்து பதிவேட்டில் எண்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே, யார்டின் வளைவில் ஒரு வண்டி மெல்லத் திரும்பினால், 'கிறீச்' என்ற நீண்ட ஓசை சன்னல் வழியே வந்து காதைத் துளைக்கும். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய ஓசை அது. அதைக் கேட்டு நான் ஒருநாளும் தலைநிமிர்ந்ததில்லை. ஆயினும், அதே ஓசை என் சொந்தக் காரிலிருந்து, மனைவியும் மக்களும் உள்ளே அமர்ந்திருக்கையில் எழுந்தபோது என் நெஞ்சு துணுக்குற்றது. அந்த ஓசையின் மூலத்தைத் தேடி நான் அலைந்த கதையும், அதனால் கற்ற பாடமும் நம் குடும்பங்கள் பலவற்றுக்குப் பயன்படக்கூடும் என்று எண்ணியே இதனை எழுதத் துணிந்தேன். நான் யந்திரக் கலை பயின்றவன் அல்லேன்; பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட எழுத்தன். ஆகவே, எனக்கு விளங்கிய அளவிலேயே சொல்லுகிறேன்.

பெங்களூரில் வாழும் நம்மவரில் பலர் இன்று பழைய கார் ஒன்றை வாங்கி வைத்திருக்கின்றனர். இது ஆடம்பரத்தால் வந்ததன்று. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போக வேண்டும். வயதான பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். பண்டிகை நாளில் ரயிலில் இடம் கிடைப்பதோ, என் போன்ற ரயில்வேக்காரனுக்கே அரிது. இவ்வாறாகத்தான் நானும் வேறொருவரிடம் பத்தாண்டுகள் ஓடிய கார் ஒன்றை வாங்கினேன்.

சென்ற ஆண்டு மார்கழியில் ஒருநாள், மர்பி டவுனில் எங்கள் சந்து முனையில் வண்டியைத் திருப்பும்போது அந்த ஓசை முதன்முதலாகக் கேட்டது. நேரே போகும்போது இல்லை. திருப்பத்தில் மட்டுமே எழுந்தது. பக்கத்து வீட்டு நண்பர், "பெல்ட் பழசாகியிருக்கும்" என்றார். ஒரு பட்டறையில் காட்டினேன், பெல்ட்டை மாற்றினார்கள், ஓசை போகவில்லை. இன்னொரு பட்டறையில், "ஸ்டியரிங் பம்ப்பையே மாற்ற வேண்டும்" என்றார்கள். அதற்குச் சொன்ன தொகை என் மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. பொங்கலுக்கு முன் ஊருக்குப் போயாக வேண்டுமே என்று கடன் வாங்கவும் ஆயத்தமானேன்.

அந்தச் சமயத்தில் என் தந்தையார் கண் சிகிச்சைக்காக எங்களுடன் தங்கியிருந்தார். அவர் ஜோலார்பேட்டையில் ரயில் பெட்டிகளைப் பரிசோதிக்கும் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வண்டி வந்து நின்றதும், நீண்ட பிடியுள்ள சுத்தியலால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவது அக்காலத்தில் அவர் வேலை. நல்ல சக்கரம் கோயில் மணிபோலக் கணீரென்று ஒலிக்கும். விரிசல் கண்ட சக்கரம் ஓட்டைப் பானைபோல மங்கி ஒலிக்கும். இருட்டிலும் மழையிலும் அந்த ஒலி வேற்றுமையை அறிந்து சொல்வதில்தான் பிரயாணிகளின் உயிர் இருந்தது.

அவர் என்னிடம் மூன்றே கேள்விகள் கேட்டார். "தம்பி, சத்தம் வருகிறது என்கிறாயே, வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வருகிறதா, ஓடும்போது மட்டுந்தானா? வலப்பக்கம் திரும்பினால் வருகிறதா, இடப்பக்கமா? வரும்போது பிரேக்கை லேசாக மிதித்தால் என்ன ஆகிறது?" இம்மூன்றில் ஒன்றுக்கும் எனக்கு விடை தெரியவில்லை. இரண்டு பட்டறைகளுக்குப் போய் வந்தேன். ஒரு முறைகூட நின்று காது கொடுத்துக் கேட்கவில்லை. வெட்கத்தால் தலை குனிந்தேன்.

மறுநாள் ஞாயிறு. பொழுது புலரும் முன், போக்குவரத்து இல்லாத வேளையில், அல்சூர் ஏரிக்கரைச் சாலைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். நிறுத்தி வைத்து ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பினேன், ஓசை இல்லை. மெல்ல ஓட்டி இடப்பக்கம் திருப்பினேன், ஓசை இல்லை. வலப்பக்கம் திருப்பினேன், முன்புற இடச் சக்கரத்திலிருந்து 'கிறீச்' என்று எழுந்தது. பிரேக்கை இலேசாக மிதித்தேன்; சட்டென்று நின்றது. காலை எடுத்தேன், மீண்டும் எழுந்தது. "பம்ப்பும் இல்லை, பெல்ட்டும் இல்லை. பிரேக்குக் கட்டை தேய்ந்துவிட்டது. உடனே சக்கரத்தைக் கழற்றச் சொல்" என்றார் தந்தையார்.

அவர் சொன்னபடியே இருந்தது. மூன்றாவது பட்டறையில் சக்கரத்தைக் கழற்றியபோது, இடப்பக்கத்துப் பிரேக் பேட் காகிதத் தடிமனுக்குத் தேய்ந்திருந்தது. அதில் பொருத்தியிருந்த சிறிய எஃகு நாக்கு ஒன்று பிரேக் டிஸ்க்கைத் தொட்டு உரசிக்கொண்டிருந்தது. பின்னரே நான் அறிந்தேன்: அந்த நாக்கைத் தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே வைக்கிறார்கள். பேட் தேய்ந்து, மாற்றவேண்டிய நிலை வந்ததும் அது டிஸ்க்கில் பட்டுக் கூச்சலிடும். அதாவது, நான் தொல்லை என்று எண்ணிய ஓசை, என்னைக் காப்பாற்றுவதற்காகவே அமைக்கப்பட்ட எச்சரிக்கை மணி.

நெஞ்சைச் சுட்ட இன்னொரு செய்தியும் உண்டு. பேட் தேயத் தேய, பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தில் மட்டம் தாழும். ஒரு மாதத்துக்கு முன் அது தாழ்ந்திருந்ததைக் கண்டேன். ஏன் தாழ்ந்தது என்று கேளாமல், எண்ணெய் வாங்கி ஊற்றி நிரப்பிவிட்டுப் பெருமையோடு கையைத் துடைத்துக்கொண்டேன்.

சக்கரம் ஏன் கூச்சலிடுகிறது?

இந்த அனுபவத்திற்குப் பின், ஓசையின் காரணத்தைத் தெரிந்துகொள்ளும் ஆவல் எனக்கு உண்டாயிற்று. எந்தக் கிறீச்சொலிக்கும் அடிப்படை ஒன்றே. ஒரு பரப்பு மற்றொன்றைப் பற்றுகிறது; உடனே வழுக்குகிறது; மறுபடி பற்றுகிறது. ஒரு நொடியில் பல நூறு முறை, சில வேளை பல்லாயிரம் முறை இவ்வாறு நிகழும்போது அது ஒலியாகிறது. பிடிலின் தந்தியை வில் இழுப்பதும் இதே முறைதான். சங்கீதமும் கிறீச்சொலியும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் எனலாம்.

திருப்பத்தில் மட்டும் இது மிகுவது ஏன்? வண்டி திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். காரின் இரு சக்கரங்களுக்கிடையே அகலம் சுமார் 1.4 மீட்டர் என்று கொண்டால், ஒரு செங்கோணத் திருப்பத்தில் வெளிச்சக்கரம் சுமார் 2.2 மீட்டர் கூடுதலாக ஓடும். திருப்பம் சிறியதாயினும் பெரியதாயினும் இக்கணக்கு மாறாது.

ரயில் வண்டியில் இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கி அழுத்தப்பட்டவை. ஒன்று சுழன்றால் மற்றதும் அதே வேகத்தில் சுழன்றாக வேண்டும். நம் எலகங்காவில் 1984-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ரயில் சக்கரத் தொழிற்சாலையில் சக்கரங்களும் அச்சுகளும் இவ்வாறே இணைக்கப்படுகின்றன. சக்கரத்தின் ஓடுபரப்பைச் சற்றுச் சாய்வாகக் கடைந்திருப்பதால், மெல்லிய வளைவுகளில் தூர வேறுபாடு தானே சரியாகிவிடும். கடும் வளைவிலோ சக்கரம் தண்டவாளத்தின்மேல் பக்கவாட்டில் வழுக்கியே தீரும். அதுவே யார்டில் கேட்கும் ஓசை. வளைவுகளில் தண்டவாளத்தின் பக்கத்தில் கிரீஸ் இடுவது தேய்மானத்தையும் இந்த ஓசையையும் குறைப்பதற்காகவே.

மோட்டார் வண்டியில் இதற்கு வேறு வழி கண்டார்கள். திரும்பும்போது முன்சக்கரங்களில் உட்புறச் சக்கரம் சற்று அதிகமாகத் திரும்பும்படி செய்யும் அமைப்பை மியூனிக் நகரத்துக் கோச்சுவண்டித் தொழிலாளர் ஜார்ஜ் லாங்கென்ஸ்பெர்கர் 1817-இல் கண்டுபிடித்தார். மறு ஆண்டு இங்கிலாந்தில் அதற்கு உரிமை பதிந்த ஆக்கர்மனின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. எஞ்சினால் இயங்கும் சக்கரங்கள் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல உதவும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்புக்குப் பிரான்சு தேசத்துப் பெக்கர் 1827-இல் உரிமை பெற்றார். ஆகவே, நல்ல நிலையில் உள்ள கார் சாதாரண வேகத்தில் திரும்பும்போது கூச்சலிட வேண்டிய அவசியமே இல்லை. கூச்சலிட்டால் எங்கோ ஒரு பரப்பு வழுக்குகிறது என்று பொருள். அது எங்கே என்பதுதான் கேள்வி.

நிற்கும்போதே ஓசை எழுந்தால்

வண்டி நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது, சிறப்பாகக் கடைசிவரை திருப்பும்போது, முன்புற மூடியின் கீழிருந்து கூச்சல் எழுகிறது. இது பெரும்பாலும் பெல்ட் வழுக்குவதன் அடையாளம். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டியரிங் 1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிரைஸ்லர் கார்களில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் அந்தப் பம்ப்பைச் சுழற்றும். கடைசிவரை திருப்பும்போது பம்ப்புக்குச் சுமை உச்சத்தை எட்டும். தளர்ந்த பெல்ட் அப்போது வழுக்கும்.

இங்கே முதலில் அறியவேண்டியது, உங்கள் காரில் அத்தகைய பம்ப் இருக்கிறதா என்பதே. இன்றைய சிறு கார்களில் பெரும்பாலானவற்றில் மின்சார மோட்டாரே ஸ்டியரிங்குக்குத் துணை செய்கிறது. மூடியைத் திறந்து பார்க்கும்போது ஸ்டியரிங் எண்ணெய்க் கிண்ணம் இல்லையென்றால், பம்ப்பும் இல்லை. பம்ப்பை மாற்றச் சொல்லும் பேச்சுக்கும் இடமில்லை. கையேட்டையும் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்வது நன்று.

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெல்ட்டைப் பாருங்கள். வெடிப்பு, பிசிறு, கண்ணாடிபோன்ற பளபளப்பு, எண்ணெய்க்கறை ஆகியவற்றுள் ஏதேனும் கண்டால் மாற்ற வேண்டியதுதான். எண்ணெய்க்கறை இருந்தால், ஒழுகும் இடத்தை அடைக்காமல் புதுப் பெல்ட் போடுவது வீண். பட்டறையில் எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின்மேல் சிறிது நீர் தெளித்துப் பார்ப்பார்கள். ஓசை சற்றே அடங்கினால் பெல்ட் ஓடும் கப்பிகள் ஒரே வரிசையில் இல்லை. ஓசை மிகுந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. சிலர் சோப்பையோ மெழுகையோ தேய்த்து ஓசையை அடக்குவர். அது குழந்தையின் அழுகையை வாயைப் பொத்தி நிறுத்துவது போன்றது. அதே பெல்ட்தான் பாட்டரிக்கு மின்சாரம் தரும் யந்திரத்தையும் பல வண்டிகளில் சுழற்றுகிறது. அது அறுந்தால் நடுவழியில் நிற்க வேண்டியதே.

கூச்சலாக இல்லாமல் மாடு முனகுவதுபோன்ற உறுமல் கேட்டால், ஸ்டியரிங் எண்ணெய் குறைந்து பம்ப்பில் காற்றுப் புகுந்திருக்கலாம். கிண்ணத்தின் கோடுகளைப் பார்த்து, கையேட்டில் குறித்த எண்ணெயையே ஊற்ற வேண்டும். மீண்டும் மட்டம் தாழ்ந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அறிந்து காட்டுங்கள். என்னைப் போல நிரப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பிச் சில வினாடிகளுக்கு மேல் பிடித்திருப்பதும் பம்ப்புக்குக் கேடு.

எஞ்சின் ஓடாதபோதும் திருப்பினால் கதவுக் கீல்போலக் 'கிறீக்' என்றால், ஸ்டியரிங் தண்டு நுழையும் இடத்து ரப்பரோ, முன் ஸ்பிரிங்கின் மேலுள்ள பேரிங்கோ, பந்து மூட்டோ உலர்ந்திருக்கலாம். ரப்பர் மட்டுமே என்றால் சிலிக்கோன் கிரீஸ் போதும். எஞ்சின் எண்ணெய் விடக்கூடாது, ரப்பர் ஊதிவிடும். பந்து மூட்டு என்றால் காலந்தாழ்த்தலாகாது. அது கழன்றால் சக்கரமே மடங்கும்.

ஓடும்போது மட்டும் எழுந்தால்

பிரேக்கை இலேசாக மிதித்ததும் நிற்கும் அல்லது மாறும் ஓசை, என் வண்டியில் நேர்ந்ததுபோலப் பிரேக் பேட்டைச் சுட்டும். வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடச் சக்கரத்தின்மேல் சாய்கிறது. டிஸ்க் ஒரு மயிரிழை அசைகிறது. எஃகு நாக்கு உரசுகிறது. பேட்டுகளை மாற்றும்போது முன்சக்கரங்கள் இரண்டிலும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையேல் பிரேக் ஒருபக்கம் இழுக்கும். டிஸ்க்கில் ஆழ்ந்த கோடுகள் விழுந்திருந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். சில வேளை டிஸ்க்கின் பின்னுள்ள தகட்டில் சிறு கல் ஒன்று சிக்கியும் இதே ஓசை எழும்; அதை எடுத்துவிட்டால் செலவே இல்லை.

மெதுவாக, முழுதும் திருப்பி ஓட்டும்போது 'டக் டக்' என்று தட்டினால், முன்சக்கரத்துக்கு விசை செலுத்தும் ஆக்சில் மூட்டு தேய்ந்திருக்கும். அதன் ரப்பர் உறை கிழிந்து, சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம். வேகம் கூடக்கூட வளரும் ரீங்காரம், ஒருபக்கம் திரும்பும்போது மிகுந்து மறுபக்கம் குறைந்தால், சக்கரப் பேரிங்கை ஐயுற வேண்டும். இடப்பக்கம் திரும்பும்போது மிகுந்தால் பெரும்பாலும் வலச் சக்கரம், வலப்பக்கம் திரும்பும்போது மிகுந்தால் இடச் சக்கரம்.

பெரிய கடைகளின் அடித்தள வண்டி நிறுத்தத்தில், வழுவழுப்பான தரையில் டயர் கூச்சலிடுவது இயல்பே; அதற்கு அஞ்ச வேண்டாம். ஆனால் தார்ச்சாலையில் மெல்லத் திரும்பும்போதும் டயர் கூச்சலிட்டால், காற்று குறைந்திருக்கிறது அல்லது சக்கரங்களின் கோணம் பிசகியிருக்கிறது. டயரின் ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருப்பது அதற்குச் சாட்சி. காற்றின் அளவு பெரும்பாலும் ஓட்டுநர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும்.

பட்டறையில் பேசும் முறை

இச்சோதனைகளைச் செய்யும்போது சில எச்சரிக்கைகள் உண்டு. எஞ்சின் ஓடும்போது வேட்டி நுனியும் துண்டும் சேலைத் தலைப்பும் பெல்ட்டின் அருகே போகலாகாது. எஞ்சினை நிறுத்திய பின்னும் ரேடியேட்டர் விசிறி தானே சுழலத் தொடங்கும் வண்டிகள் உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே நுழையவே கூடாது. பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் பழுது பார்ப்பது தொழில் தெரிந்தவர் வேலை. கேட்டறிவது மட்டுமே நம் வேலை.

ஆனால் அந்தக் கேட்டறிதலே பாதி வைத்தியம். "சத்தம் வருகிறது, பாருங்கள்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால், பட்டறைக்காரர் ஊகத்தின்பேரில் ஒவ்வொன்றாக மாற்றுவார். அவர்மேல் முழுக்குற்றமும் சொல்ல முடியாது. எப்போது வருகிறது, எந்தப் பக்கம், எப்போது நிற்கிறது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். கன்னடம் மட்டும் அறிந்த மெக்கானிக்காக இருந்தால், "திருகிஸுவாக சப்த பருத்தெ" என்றால் போதும். திருப்பும்போது சத்தம் வருகிறது என்பது அதன் பொருள். பக்கத்தில் அமரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஜே.சி. ரோட்டிலும் கலாசிபாளையத்திலும் உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பழைய பேட்டைக் கையில் கொண்டுபோனால் பொருத்தமானதை ஒப்பிட்டு வாங்கலாம்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன் நாங்கள் புறப்பட்டோம். ஓசூரைத் தாண்டி, சூளகிரிக்கு அப்பால் கிருஷ்ணகிரியை நோக்கிச் சாலை இறங்கிக்கொண்டே போகிறது. சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரிலிருந்து சமவெளியை நோக்கிய இறக்கம் அது. முன்னே பார லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. கியரைக் குறைத்து, பிரேக்கை மிதித்தேன். வண்டி சொன்ன சொல் கேட்டு நின்றது. அந்தக் காகிதத் தடிமன் பேட்டோடு, ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, பம்ப்பை மட்டும் மாற்றிவிட்டு இதே இறக்கத்தில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணினேன், கை நடுங்கிற்று. கண்ணாடியில் பின்னே பார்த்தேன். கண்ணில் கறுப்புக் கண்ணாடியுடன் தந்தையார் அமர்ந்திருந்தார், சாலையைப் பார்க்கவில்லை, தலையைச் சற்றே சாய்த்துச் சக்கரங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்பர்களே, அடுத்த முறை ஊருக்குப் புறப்படும் முன், ஒரு காலை நேரத்தில் வானொலியை நிறுத்தி, சன்னலை இறக்கி, வண்டியை இருபுறமும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஓசை எழுந்தால், அதை அடக்க முயலாதீர்கள். முதலில் அது என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.